காற்று எங்கே போகிறது: ஒரு டர்போ காரும் மூன்று பட்டறைகளும்

நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தி 3000 ஆர்பிஎம்மிலிருந்து 6000 வரை ஓட்டினேன். லேப்டாப்பில் பதிவான, டர்போ இஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தக் கோடு 1.1 பாருக்கு ஏறி, கடைசிவரை அதே உயரத்தில் நின்றது. அதற்கு முந்தைய ஏழு மாதங்களும் அந்தக் கோடு 4200-ஐத் தாண்டியதுமே சரிந்துகொண்டிருந்தது. கோடு நிமிர்ந்த பிறகு 4000 கி.மீ. ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "சரியாகிவிட்டது" என்று இதற்கு முன் இரண்டு முறை நம்பி ஏமாந்திருக்கிறேன்.

வண்டி இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ பொருத்திய பெட்ரோல் கார். மேனுவல் கியர், 11 வயது, பழுது தொடங்கியபோது 1,12,000 கி.மீ. செலவுகளை எந்தப் பணத்திலும் எழுதப்போவதில்லை. மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலியை 1 என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதன் மடங்காகச் சொல்கிறேன். படிப்பவர் தம் ஊர்க் கூலியால் பெருக்கிக்கொள்ளலாம்.

பழுது இதுதான்: மூன்றாவது, நான்காவது கியரில் முழு வேகம் கேட்டால், 4200 வரை வழக்கம்போல் பாய்ந்துவிட்டு, அதன் பிறகு இழுவை வடிந்துவிடும். திணறல் இல்லை, அதிர்வு இல்லை, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. வெயில் நேரத்தில் கூடுதலாகத் தெரியும், அதிகாலையில் சில நாள் தெரியவே தெரியாது. சைலன்சர் வாயில் விரலை வைத்துத் தடவினால் கரி ஒட்டியது. இந்தக் கடைசி அறிகுறிதான் எல்லாரையும் தவறான பக்கம் திருப்பியது, முதலில் என்னை.

முதல் பட்டறை

கரி என்றால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. பெட்ரோல் அதிகம் என்றால் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் தவறாகச் சொல்கிறது. இப்படி நானே ஒரு முடிவுக்கு வந்து, வீட்டுக்கு அருகில் இருந்த பட்டறையில் போய், "ஏர் ஃப்ளோ சென்சார் போயிருக்கிறது என்று நினைக்கிறேன்" என்று சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கொடுத்த விலை பெரிது. மெக்கானிக் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தார். பிழைக்குறி எதுவும் இல்லை. ஆனாலும் சென்சாரை மாற்றினார். தீரவில்லை. பிளக்குகளை மாற்றினார். தீரவில்லை. நான்கு இக்னிஷன் காயில்களையும் மாற்றினார். புதுப் பிளக்கால் வண்டி சற்று மென்மையாக ஓடியது. அதைத்தான் நான் குணமானதாக எடுத்துக்கொண்டேன். மூன்று நாள் கழித்து மலைப்பாதை ஏற்றத்தில் அதே சரிவு.

செலவு: உதிரிகளும் கூலியும் சேர்த்து 14.

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்பதை எழுதியே ஆக வேண்டும். கழற்றிய உதிரிகளை எல்லாம் ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் வண்டியை ஒருமுறைகூட நான்காவது கியரில் 5000 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோகவில்லை. பழுது தெரியும் இடத்துக்கே போகாமல் பழுதைத் தேடினார். நாணயம் வேறு, நோயறிதல் வேறு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இவ்வகைக் கார்களுக்கு இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும்.

இரண்டாவது பட்டறை

அடுத்து ட்யூனிங் மட்டுமே செய்யும் ஓர் இடம். பளபளப்பான தரை, வண்டியின் திறனை அளக்கும் டைனமோமீட்டர் (டைனோ), சுவர் நிறையக் குதிரைத்திறன் அட்டைகள். புகை இயந்திரத்தை இணைத்துக் காற்றுக்குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார்கள். எங்கும் புகை வெளியே வரவில்லை. "வண்டி நன்றாக இருக்கிறது சார். கம்பெனி மேப் பழையது, புதிதாக எழுதினால் சரியாகிவிடும்" என்றார்கள். இஞ்சினின் கம்ப்யூட்டரில் இருக்கும் எரிபொருள், இக்னிஷன் அட்டவணைகளைத்தான் மேப் என்கிறோம்.

எழுதினார்கள். டைனோவில் சக்கரத்தில் 148 குதிரைத்திறன் காட்டிய வண்டி, மாலையில் 159 காட்டியது. மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தேன். இரண்டு வாரம் அற்புதமாக ஓடியது. பிறகு ஒரு குளிர்ந்த விடியற்காலையில், முழு வேகத்தில், தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவது போன்ற சத்தம் ஒரு நொடிக்கும் குறைவாகக் கேட்டது. காலை எடுத்துவிட்டேன். அதுதான் நாக்கிங். பெட்ரோல் கலவை தன் முறைக்கு முன் தானாகவே வெடிப்பது. டர்போ இஞ்சினில் அதை அலட்சியம் செய்தால் பிஸ்டன் உடையும்.

செலவு: 12. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பழைய கம்பெனி மேப்பின் நகலைக் கேட்டு வாங்காமல் விட்டிருந்தேன். திரும்பக் கேட்டபோது சேமித்து வைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

லேத் பட்டறையில் கேட்டது

இரண்டு மாதம் வண்டியை 3500 ஆர்பிஎம்முக்கு மேல் கொண்டுபோகவில்லை. அந்தக் காலத்தில் ஆள் தேடினேன். இந்த முறை வேறு மாதிரி.

முன்பு, "வண்டி எப்படி, சூப்பரா?" என்ற வகைக் கேள்விகளை, போன வாரம் ட்யூனிங் செய்தவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் ட்யூனிங் செய்தவர் யாரும் குறை சொல்ல மாட்டார். இம்முறை, ட்யூனிங் செய்து இரண்டு ஆண்டு கடந்தவர்களை மட்டும் தேடினேன். வண்டி இன்னும் ஓடுகிறதா, இஞ்சினைத் திறக்க நேர்ந்ததா, நேர்ந்தபோது மெக்கானிக் தொலைபேசியை எடுத்தாரா என்று கேட்டேன்.

ஆனால் உண்மையான விடை கிடைத்தது ஒரு லேத் பட்டறையில். சிலிண்டர் போரிங், ஹெட் பேஸிங் செய்யும் இடம். உடைந்த இஞ்சின்கள் எல்லாம் கடைசியில் அங்கேதான் வரும். உருகிய பிஸ்டனையும் வளைந்த கனெக்டிங் ராடையும் கொண்டுவந்து போடுவது யார் என்று லேத் ஓட்டுபவருக்குத் தெரியும். நான் அவரிடம் நல்ல மெக்கானிக் யார் என்று கேட்கவில்லை. "யாருடைய வண்டி உங்களிடம் குறைவாக வருகிறது? வரும்போது அளவுகளை எழுதிக்கொண்டு வருபவர் யார்?" என்று கேட்டேன். யோசிக்காமல் ஒருவரைச் சொன்னார். "அவர் மைக்ரோமீட்டரை அவரே கொண்டுவருவார். நான் அளந்ததை மறுபடி அளந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்துப்போவார். கோபம் வரும், ஆனால் தப்பு சொல்ல முடியாது" என்றார்.

அந்த மூன்றாவது பட்டறைக்கு நேராக இந்தப் பழுதோடு போகவில்லை. முதலில் ஒரு சின்ன வேலை கொடுத்தேன்: ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில் மாற்றுவது. செலவு 2. அன்று நான் ஓரமாக நின்று பார்த்தவை எல்லாம் நோட்டில் இருக்கின்றன. ஆயில் வடிக்கும் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டார். டார்க் ரெஞ்சால் முறுக்கி, வெள்ளைப் பெயின்ட் பேனாவால் போல்ட்டின் மேல் ஒரு கோடு இழுத்தார். வடித்த ஆயிலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இதற்கெல்லாம் தனிக் கூலி இல்லை. நான் சொல்லாமலே ஒன்று கேட்டார்: "ஆயிலில் பெட்ரோல் வாசனை அடிக்கிறது. வண்டிக்கு என்ன பிரச்சினை தம்பி?"

அன்றுதான் சொன்னேன்.

கேள்விகள்

வழக்கம்போல் என் கண்டுபிடிப்புகளோடு ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "என்ன பழுது என்று நீங்கள் நினைப்பதை அப்புறம் கேட்கிறேன். வண்டி என்ன செய்கிறது என்பதை மட்டும் இப்போது சொல்லுங்கள்."

அரை மணி நேரம் கேள்விகளே. எந்த கியர், எத்தனை ஆர்பிஎம், வண்டி கிளம்பி எத்தனை நிமிடம் கழித்து, ஏசி ஓடியதா, எந்த ஆக்டேன் பெட்ரோல், எப்போதும் ஒரே பங்க்கா, முதன்முதலில் உணர்ந்ததற்கு முந்தைய வாரம் வண்டியில் யாராவது கை வைத்தார்களா? கடைசிக் கேள்விக்கு எனக்கே மறந்துபோன ஒன்று நினைவுக்கு வந்தது. முன்பக்கம் கீழே ஒரு கல் அடித்து பம்பரின் அடித்தகடு மாற்றப்பட்டிருந்தது. அதை அவர் அடிக்கோடிட்டு எழுதினார்.

பிறகு, "ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்காருகிறேன்" என்றார். பொதுச் சாலையில் அல்ல; தனியாக வாடகைக்குக் கிடைக்கும் மூடிய பாதையில். காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் எரிகின்றன என்று காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் அவரிடம் இருந்தது. அதைப் புகைக்குழாயில் பொருத்தி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார். அதிகாலை ஓர் ஓட்டம், அதே நாள் பிற்பகல் ஓர் ஓட்டம். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார்.

பிற்பகலில் 5500 ஆர்பிஎம்மில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.0 (எண் கூடினால் பெட்ரோல் குறைவு). முழு அழுத்தத்தில் ஓடும் டர்போ பெட்ரோல் இஞ்சினுக்கு இது பொருத்தமான அளவு. அதிகாலையில் அதே இடத்தில் 13.1. மேப் ஒன்றுதான், பெட்ரோல் ஒன்றுதான். நாக்கிங்கைத் தவிர்க்க, மூன்றாவது சிலிண்டரில் இக்னிஷனை கம்ப்யூட்டர் 6 டிகிரி பின்னுக்கு இழுத்திருந்தது.

"வழியில் எங்கோ காற்று வெளியே போகிறது," என்றார். "சென்சார் அளந்த காற்று முழுவதும் இஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை. போகாத காற்றுக்கும் சேர்த்து பெட்ரோல் விழுகிறது. அதனால்தான் கரி. இரண்டாவது பட்டறையில் ஓட்டையைப் பார்க்காமல் பெட்ரோலைக் குறைத்துவிட்டார்கள். வெயிலில் ஓட்டை திறக்கும்போது கணக்கு சரியாக வருகிறது. விடியற்காலையில் ஓட்டை மூடிக்கொண்டால் காற்று முழுதாக வருகிறது, பெட்ரோல் போதவில்லை."

குளிர்ந்த விடியலில் கேட்ட கூழாங்கல் சத்தத்துக்கு அர்த்தம் அப்போது புரிந்தது. ஓட்டையை ஈடுகட்ட எழுதிய மேப், ஓட்டை மூடும் நாளில் இஞ்சினைக் கொல்லும். அந்த வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

எதையும் கழற்றுவதற்கு முன் கம்பெனி மேப்பைத் திரும்ப ஏற்ற வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். நல்ல கண்ணாடி போடாமல் எழுத்தைப் படிக்கக் கூடாது என்பது அவர் வாதம். செலவு 2. கம்பெனி மேப்பில் மறுபடி ஓடியதும் முழுப் படமும் தெரிந்தது. விகிதம் 10.9-க்கு இறங்கியது. அழுத்தம் 4000 வரை 1.1 பார், 5500-இல் 0.92. வேஸ்ட்கேட் கட்டுப்பாடு 90 சதவீதம். வேஸ்ட்கேட் ஒரு மதகு. புகைக்காற்றில் ஒரு பங்கை டர்போ சக்கரத்தில் படாமல் திருப்பிவிடும். நல்ல நிலையில் இந்த வண்டிக்கு 55 சதவீதம் போதும் என்றார். மதகை ஏறக்குறைய முழுக்க அடைத்து, டர்போவை மூச்சிரைக்கச் சுற்றியும் அழுத்தம் சேரவில்லை. இந்த எண் முதல் நாளிலிருந்தே கம்ப்யூட்டரில் இருந்தது. பிழைக்குறி மட்டும் பார்ப்பவர் கண்ணில் படாது, குறைவு ஓர் எல்லையைத் தாண்டினால்தான் விளக்கு எரியும்.

இஞ்சின் நலமா?

காற்றுக் கசிவைத் தேடும் முன் இஞ்சினைப் பார்த்தார். நாக்கிங் கேட்டிருக்கிறது என்பதால். இஞ்சினைச் சூடாக்கி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, பிளக்குகள் நான்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்துவைத்துக் கம்ப்ரஷன் பார்த்தார். 12.1, 12.0, 11.4, 12.2 பார். வித்தியாசம் 10 சதவீதத்துக்குள். "பரவாயில்லை" என்று நான் மூச்சு விட்டேன். அவர் விடவில்லை.

அடுத்தது கசிவுச் சோதனை. ஒவ்வொரு பிஸ்டனையும் மேலே நிறுத்தி, பிளக் துளை வழியாக 7 பார் காற்றைச் செலுத்தி, எத்தனை சதவீதம் தப்புகிறது என்று பார்ப்பது. 7, 8, 14, 7. மூன்றாவதுக்கு மட்டும் இரட்டிப்பு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வைக்கச் சொன்னார். மெல்லிய சீற்றம் கேட்டது. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட், இங்கே கேட்டால் பிஸ்டன் ரிங்.

பிறகு மூன்றாவது சிலிண்டரின் பிளக்கை என் கையில் கொடுத்து, பூதக்கண்ணாடியையும் கொடுத்தார். வெள்ளைப் பீங்கானில் மிளகுப் பொடி தூவியது போல் கறுப்புப் புள்ளிகள். அவற்றுக்கு நடுவே, சாய்த்துப் பிடித்தால் மட்டும் மின்னும் இரண்டு துகள்கள், ஊசி முனையைவிடச் சிறியவை. "அது அலுமினியம். உங்கள் பிஸ்டன்" என்றார். மற்ற மூன்று பிளக்குகளின் பீங்கானும் சுத்தமாக இருந்தது. நான் நெடுநேரம் அந்தப் பிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

20 சதவீதத்துக்குக் கீழே இருப்பதால் இஞ்சினைத் திறக்க வேண்டாம், கண்காணிப்போம் என்று முடிவானது.

சோப்பு நீரும் ஒரு பார் காற்றும்

கருவி அவரே செய்தது. டர்போவின் காற்று நுழையும் ஹோஸுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு பிளாஸ்டிக் குழாய் மூடி, நடுவில் துளையிட்டு ஒரு டயர் வால்வு, அதோடு ரெகுலேட்டரும் அழுத்தக் கேஜும். இஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸிலிருந்து வரும் காற்றோட்டக் குழாயைத் தனியாக அடைத்தார். இல்லாவிட்டால் அழுத்தம் உள்ளே போய் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும். அதுவரை நான் படித்த எந்தக் குறிப்பிலும் இந்தப் படியைப் பார்த்ததில்லை.

வண்டி ஓடிவந்த சூடு ஆறுவதற்குள் செய்தார். 0.3 பார்: ஒன்றுமில்லை. 0.5: ஒன்றுமில்லை. வழக்கமான புகை இயந்திரத்தின் அழுத்தம் 0.1 பாரைக்கூட எட்டாது, அதனால்தான் இரண்டாவது பட்டறையில் எதுவும் தெரியவில்லை. 0.8-இல் எங்கோ ஒரு முணுமுணுப்பு. எங்கே என்று காதுக்குப் பிடிபடவில்லை. 1.0-க்கு உயர்த்திவிட்டு, பஞ்சர் பார்ப்பது போல, தெளிப்பானில் சோப்பு நீரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். நானும் டார்ச்சோடு படுத்தேன்.

டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விப்பது இண்டர்கூலர். அதன் நடுப்பகுதி அலுமினியம், இருபக்கத் தொட்டிகள் பிளாஸ்டிக். இரண்டையும் அலுமினியப் பற்களை மடக்கிப் பிடித்திருப்பார்கள். வலது தொட்டியின் கீழ் மூலையில், நான்கு பற்கள் லேசாக விரிந்திருந்த இடத்தில், நுரை கொதித்துப் பொங்கியது. நுரை கீழே விழுந்து விழுந்து மறுபடி ஊதிக்கொண்டே இருந்தது. அவர் ரெகுலேட்டரை 0.6-க்கு இறக்கச் சொன்னார். நுரை நின்றது. 1.0, பொங்கியது. 0.6, நின்றது. மூன்று முறை செய்து பார்த்தோம். டர்போவிலிருந்து வரும் காற்று இண்டர்கூலருக்குள் நுழையும்போது 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் இளகி, அழுத்தத்தில் மூலை திறந்துகொள்கிறது. ஆறினால் மூடிக்கொள்கிறது. ஏழு மாதத்துக் கேள்விக்கு விடை ஒரு கட்டைவிரல் நகத்தின் அகலத்தில் இருந்தது. பம்பரில் அடித்த கல் அந்த மூலைக்கு நேர் கீழேதான்.

நோயறிதலுக்கு மொத்தக் கூலி 5.

வேலை

விரிந்த பற்களை மறுபடி மடக்கிவிடலாமா என்று கேட்டேன். ஒரு மாதம் தாங்கும் என்றார். முழுவதும் அலுமினியத்தில் பற்றவைத்த இண்டர்கூலர் வாங்கினோம். மேலும் ஒரு ஹோஸின் விளிம்பு கிளாம்ப்புக்கு அடியில் வெடித்திருந்தது. இரண்டு ஹோஸ்களும் புதிது. துளையிட்ட பட்டைக் கிளாம்ப்புகளுக்குப் பதில் டி-போல்ட் கிளாம்ப்புகள். உதிரிகள் 10, கூலி 3.

இங்கே ஒரு சிறு விஷயத்தில் அவர் செலவிட்ட நேரம் என்னைக் கவர்ந்தது. குழாய்களின் உட்புறம் டர்போவிலிருந்து வந்த மெல்லிய ஆயில் படலம் இருக்கும். அந்த வழுக்கலின் மேல் ஹோஸை மாட்டினால், எத்தனை முறுக்கினாலும் அழுத்தத்தில் கழன்றுவிடும். ஒவ்வொரு முனையையும் பிரேக் கிளீனரால் துடைத்து, வெள்ளைத் துணி கறுக்காமல் வரும்வரை மறுபடி துடைத்தார். எட்டு முனைகளுக்கு முக்கால் மணி நேரம். மாட்டிய பிறகு 1.3 பாரில் மறுபடி சோதனை. கேஜின் முள் மெதுவாகத்தான் இறங்கியது. திறந்திருக்கும் வால்வுகள் வழியாகக் கொஞ்சம் போகத்தான் செய்யும். சோப்பு நுரை எங்கும் இல்லை.

டைனோ

கம்பெனி மேப்போடு, வேறு எதையும் தொடாமல், சக்கரத்தில் 171 குதிரைத்திறன். இரண்டாவது பட்டறையின் 148-ஓடு இதை ஒப்பிட்டு நான் துள்ளியபோது அவர் தடுத்தார். டைனோவுக்கு டைனோ எண் மாறும். ஒரே டைனோவில், ஒரே கியரில், ஒரே டயர் அழுத்தத்தில் எடுத்தவற்றைத்தான் ஒப்பிடலாம். பழைய அட்டைகள் இரண்டையும் வாங்கிப் பார்த்து, மூலையில் பொடி எழுத்தில் இருந்த ஒன்றைக் காட்டினார். காலை ஓட்டத்தில் காற்றின் வெப்பம் 24 டிகிரி, மாலையில் 36. வெவ்வேறு வானிலையில் எடுத்த எண்களை ஒரே அடிப்படைக்குக் கொண்டுவர டைனோ ஒரு திருத்தக் கணக்குப் போடும்; வெப்பம் கூடுதலாகப் பதிவானால் அது எண்ணை உயர்த்திவிடும். டிஐஎன் 70020 என்ற ஜெர்மன் திருத்த முறையில் 20 டிகிரியும் 1013 மில்லிபாரும் அடிப்படை. 12 டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஏறும். அன்று மாலை உண்மையிலேயே அவ்வளவு வெப்பமா, வெப்பமானி இஞ்சினுக்கு அருகில் இருந்ததா என்பது அட்டையில் இல்லை. எனக்குக் கிடைத்ததாக நான் கொண்டாடிய 11-இல் ஏறக்குறைய 3 இந்தத் திருத்தத்தில் வந்திருக்கலாம்.

பிறகுதான் ட்யூனிங். வெப்பத்தை வேகமாக வெளியே கடத்தும், ஒரு படி 'குளிர்ந்த' வகைப் பிளக்குகள், இடைவெளி 0.7 மி.மீ., ஃபீலர் கேஜால் ஒவ்வொன்றும் அளந்து. அழுத்தம் கூடக் கூட பொறி தாண்டுவது கடினமாகும் என்பதால் இடைவெளி குறைவாக வேண்டும். தொட்டியில் நான் அன்றாடம் போடும் பெட்ரோலே இருக்க வேண்டும் என்றார். சிறப்பு எரிபொருள் ஊற்றி எழுதும் மேப் அந்த எரிபொருளுக்கே உரியது. இக்னிஷனை ஒவ்வொரு டிகிரியாக முன்னேற்றி, டார்க் (முறுக்குவிசை) ஏறுவது நின்ற இடத்தையோ நாக்கிங்கின் முதல் அறிகுறியையோ கண்டதும் 2 டிகிரி பின்வாங்கினார். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இடையில் விசிறியை ஓடவிட்டு, உள்ளே போகும் காற்று பழைய வெப்பத்துக்கு வரும்வரை காத்திருந்தார். பகல் முழுவதும் 11 ஓட்டங்கள். பெரும்பகுதி நேரம் காத்திருப்புத்தான்.

அழுத்தம் 1.2 பார். சக்கரத்தில் 188. செலவு 9.

1.35-க்குப் போனால் 200-ஐத் தொடலாமே என்று கேட்டேன். ஆசைதான். "தொடலாம். மூன்றாவது சிலிண்டர் 14 சதவீதம் கசியாமல் இருந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன். இப்போது செய்ய மாட்டேன். வேண்டுமென்றால் மேப்பை உங்களிடம் தருகிறேன், வேறு யாரிடமாவது செய்துகொள்ளுங்கள்" என்றார். சொன்னபடியே கம்பெனி மேப், புது மேப், எல்லா ஓட்டங்களின் பதிவுகள் ஆகியவற்றை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். நான் கேட்கவில்லை. அந்த மறுப்பும் அந்தப் பென் டிரைவும் கிடைத்த நாளில்தான் என் தேடல் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது.

கணக்கு

தவறான வழியில் 14-உம் 12-உம், ஆக 26. அதைத் திருத்தி கம்பெனி மேப் ஏற்ற 2. சரியான வழியில் சின்ன வேலைக்கு 2, நோயறிதலுக்கு 5, இண்டர்கூலர் வேலைக்கு 13, ட்யூனிங்குக்கு 9, ஆக 29. முதலிலேயே கசிவைக் கண்டுபிடித்திருந்தால், பழுதைத் தீர்க்க மட்டும் 18 போதுமாக இருந்திருக்கும். மூன்றாவது சிலிண்டரின் ரிங்குக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

அடுத்த முறை வேறாகச் செய்வது என்றால், வண்டி நலமாக இருக்கும்போதே ஒரு பதிவு எடுத்து வைப்பேன்: நான்காவது கியர், முழு வேகம், அழுத்தம், வேஸ்ட்கேட் சதவீதம், காற்றின் வெப்பம், இக்னிஷன் பின்வாங்கல். 55 சதவீதம் என்ற எண் என்னிடம் இருந்திருந்தால், 90-ஐ நானே பார்த்திருப்பேன். அதற்கு அனுபவம் தேவையில்லை, ஒப்பிட ஓர் எண் போதும். மேப்பில் யார் கை வைத்தாலும், அதற்கு முன் பழையதன் நகல் என் கையில் இருக்க வேண்டும். டர்போ வண்டியில் எதையும் மாற்றுவதற்கு முன், ஓடும் அழுத்தத்தில் காற்றுச் சோதனை கேட்பேன். அரை மணி வேலை. பட்டறையில் நுழையும்போது என் சொந்த நோயறிதலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவேன். லேத் பட்டறைக்கு முதலில் போவேன்.

இன்னொன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்: பழைய இண்டர்கூலரின் அதே மூலை புதியதிலும் தாழ்வாகத்தான் இருக்கிறது. 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஒரு காப்பு செய்ய அட்டையில் வார்ப்புரு வெட்டி வைத்திருக்கிறேன். காற்று நுழையும் வழியை மறைக்காமல் எப்படி மடக்குவது என்பது இன்னும் பிடிபடவில்லை.

போன ஞாயிறு, 4000 கி.மீ. முடிந்து, மூன்றாவது பிளக்கைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பீங்கான் முழுவதும் இளம் பழுப்பு, புள்ளி ஒன்றுகூட இல்லை. மறுநாள் அவர் பட்டறையில் கசிவுச் சோதனை: 7, 8, 13, 7. நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டு, 25 நியூட்டன் மீட்டரில் பிளக்கை மறுபடி முறுக்கினோம். அடுத்து 8000-இல் பார்க்க வேண்டும்.